சைரனுக்கு முன்னால்

பிரணவின் பிடரியைத்தான் மாரி முக்கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஜெர்மனி கிடந்தது, நாலு நாளாகக் கிடக்கிறது, காடும் காற்றாலையும் மஞ்சள் வயலும் மறுபடி காடுமாக. யாருக்கு வேண்டும் அது. ஓட்டுகிறவன் சீட்டில் தலை சாய்க்கிற மெத்தையை இரண்டு கம்பிகள் தாங்கிக்கொண்டிருந்தன, அந்தக் கம்பிகளுக்கு நடுவே நாலு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது, அதில் ஒரு மச்சம், மச்சத்துக்கு மேலே ஒட்ட வெட்டிய முடி. வெட்டியது மாரிதான். சலூனுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரம் சமைத்துச் சாப்பிடலாம் என்று மாக்டபுர்க் மாணவர் விடுதியில் இருக்கிற தமிழ்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் அவன்தான் டிரிம்மர் பிடிப்பான். போன வியாழக்கிழமை பிரணவைக் குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார வைத்து, கழுத்தைக் குனியச் சொல்லி, ஒரு கீறல் விழாமல் பிடரியில் கோடு இழுத்துவிட்டான். "கை பூ மாதிரிடா உனக்கு" என்றான் பிரணவ். பூ! அந்தப் பூ இரண்டும் இப்போது தொடைக்கு அடியில் கிடந்தன, உள்ளங்கை சீட்டில் பதிய, மேலே மாரியின் முழு எடையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உள்ளே ஒன்று கிளம்பினால் கையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். வண்டி நூற்றறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது, பிரணவ் ஸ்டியரிங்கில் மோதிர விரலால் தட்டிக்கொண்டே வந்தான், டக் டக் டக், ஒவ்வொரு தட்டும் மாரியின் பல்லில் விழுந்தது. முன்னால் பக்கத்துச் சீட்டில் வாணியம்பாடி ரஃபீக், மடியில் எலுமிச்சைச் சாத டப்பா. பின்னால் மாரிக்குப் பக்கத்தில் தாரிணி, இரண்டு பேருக்கும் நடுவே ஒரு குழந்தையை உட்கார வைத்த மாதிரி சீட் பெல்ட் போட்ட ரைஸ் குக்கர். நாலு பேரும் ஒரே வகுப்பு, ஒரே சமையல்கட்டு. ஊரெல்லாம் சுற்றியாயிற்று, தெரிந்தவன் தெரியாதவன் அறையிலெல்லாம் தரையில் படுத்தாயிற்று, கோட்டையை டிக்கெட் வாங்காமல் வெளியிலிருந்தே பார்த்தாயிற்று, ஏரியில் கால் நனைத்தாயிற்று. ஆறு மணிக்குள் மாக்டபுர்க்கில் வாடகை வண்டியைக் கொண்டுபோய் விட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதுவரை கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தால் போதும். வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

எல்லாம் அம்மாவின் அந்த ஒரு குரலால் வந்தது. மதியம் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினபோது வாட்ஸப்பில் வந்து கிடந்தது. பாட்டுக்காகப் போனை வண்டியோடு இணைத்திருக்கிறோம் என்பதை மறந்துபோய் மாரி அதை அமுக்கித் தொலைத்தான், கோவில்பட்டியிலிருந்து அம்மா நாலு ஸ்பீக்கரிலும் பேசினாள். "யய்யா மாரி, சாப்பிட்டியாய்யா? சிநேகிதங்களோட ஊர் சுத்தப் போறேன்னியே, குளிருக்கு எதும் போர்த்திக்கிட்டியா? ரெண்டு நாளா போன எடுக்கலன்னு நெனைக்காத. படியில எறங்கயில வழுக்கி விழுந்துட்டேன்யா, வாய் கொஞ்சம் வீங்கிருச்சு, பேச வரல. இப்பம் பரவால்ல. அப்பா நல்லாருக்காக." மாரி போனைப் பிடுங்கி அணைப்பதற்குள் அத்தனையும் முடிந்துவிட்டது. பிறகு பிரணவ், அண்ணாநகர்ப் பிள்ளை, கண்ணாடியில் பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "யய்யா மாரீ, சாப்பிட்டியாய்யா?" என்று அதே இழுப்போடு இழுத்தான். ரஃபீக்கும் சிரித்துவிட்டான். "டேய், அசிங்கமா இருக்கு, சும்மா வா" என்றாள் தாரிணி. "என்ன அசிங்கம், அம்மா குரல் ஸ்வீட்டா இருந்துச்சு, அதான்" என்றான் பிரணவ். அவன்மேல் என்ன தப்பு, அவனுக்கு என்ன தெரியும்! மாரியை முதல் நாளிலிருந்தே மாரியம்மா என்றுதான் கூப்பிடுவான், காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். தெரியாமல் சொன்னான். தெரியாமல்தான் சொன்னான். மாரி இதைப் பத்துத் தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான், பத்துத் தடவையும் அது பிடரியில் போய் முட்டி நின்றது. ஏனென்றால் கோவில்பட்டியில் அவர்கள் வீட்டில் படியே கிடையாது. மாடி கிடையாது, வாசலில் ஏறி இறங்க ஒரு கல்கூடக் கிடையாது, தெருவும் வீடும் ஒரே மட்டம், நல்ல மழை பெய்தால் சாக்கடைத் தண்ணி நேரே அடுப்படிக்கு வரும். எந்தப் படியில் விழுந்தாள் அம்மா? எந்தப் படி அவள் வாயை வீங்க வைத்தது? அந்தப் படிக்குப் பெயர் பொன்னுச்சாமி, லேத் பட்டறை வைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும்.

அப்பாவுடைய முறை எப்போதும் ஒன்றுதான். அடி முதலில் விழும், காரணம் பிறகு வரும். கை போகிறபோது அவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது, ஒரு கோபம்கூட இருக்காது, அதுதான் பயங்கரம். அடித்து முடித்து, குடத்தில் தண்ணி மொண்டு முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிற்பாடுதான் காரணத்தைத் தேடுவார், தேடினால் கிடைத்துவிடும். குழம்பில் உப்பு. கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு என்ன சிரிப்பு. சீனி டப்பாவில் எறும்பு. "பின்னே அடிக்காம என்ன செய்வாக" என்று தெரு சொல்லும், கடைசியில் அம்மாவும் சொல்வாள். எறும்புதான் குற்றவாளி! மாரிக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா கீழே விழுந்து கிடந்தாள், அவள் தலைமாட்டில் சோற்றுக் கரண்டி வளைந்து கிடந்தது, அப்பா முகம் கழுவப் போய்க்கொண்டிருந்தார். மாரி பின்னாலேயே போய் அந்தக் குடத்தருகே வைத்து அடித்தான். ஒரே அடி என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள், பொய், ஏழெட்டு இருக்கும். முதல் அடியில் உதடு கிழிந்தது, மூன்றாவதில் பல் இரண்டு வந்து ஈரத் தரையில் விழுந்தது. தாரிணியிடம்கூட அவன் முழுக்கச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அது இனித்தது. அந்தக் கனத்த ஆள் கை தூக்கி முகத்தை மறைத்தபோது, 'ஏலே வேண்டாம்' என்று முதன்முதலாகக் கெஞ்சினபோது, மாரிக்கு உள்ளங்கால் வரை இனித்தது, நிறுத்த மனசே வரவில்லை. அம்மா எழுந்து வந்துதான் நிறுத்தினாள். புருஷன் வாயிலிருந்து வந்த ரத்தத்தைத் தன் சேலையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே மகனை ஏறிட்டுப் பார்த்தாள், நன்றியாக இல்லை, ஒரு அலுப்போடு. "அப்படியே அவுக கை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த மூன்று வார்த்தையிலிருந்து தப்பித்துத்தான் அவன் இவ்வளவு தூரம் ஓடி வந்தது. மேற்படிப்பாம், இயந்திரவியலாம்! ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து கையை மடித்து வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு, சாது என்று பெயரும் வாங்கி, அந்தச் சனிக்கிழமையிலிருந்து அஞ்சு வருஷம், ஒரு கொசுவைக்கூட யோசித்துத்தான் அடித்தான். கையும் சும்மாதான் இருந்தது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

டக் டக் டக் என்று மோதிர விரல். தன் பெல்ட்டைக் கழற்றி அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே விட்டு முன்பக்கம் சுற்றி இழுத்தால் எத்தனை நொடி ஆகும் என்று மாரியின் மனசு கணக்குப் போட்டது. சீ. ரைஸ் குக்கரின் உள் பாத்திரத்தைக் கழற்றினால் விளிம்பு நல்ல கூர். நாய்ப் புத்தி. கதவைத் திறந்து ஒரே தள்ளு, நூற்றறுபத்தைந்தில் ஒரு ஆள் தார்ச்சாலையில் எத்தனை உருளல் உருளுவான், தோல் எவ்வளவு தூரத்துக்கு ஒட்டிக்கொண்டு வரும். போதும், வெளியே பார், காடு, காற்றாலை. காற்றாலை சுற்றியது, மூன்று கை, ஒவ்வொரு கையும் மேலிருந்து இறங்கி இறங்கி யாரையோ அடித்தது. அட ஆண்டவனே, காற்றாலையைப் பார்த்தாலுமா! அம்மாவின் வாய் இப்போது எப்படி இருக்கும்? மேலுதடா, கீழுதடா? மோதிரத்தோடு விழுந்திருந்தால் கிழிந்திருக்கும், அப்பா போட்டிருப்பது சாமி மோதிரம், சதுரம், விளிம்பு வைத்தது. ரெண்டு நாள் பேச வரவில்லை என்றால் தையல் போட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலும் படி என்றுதான் சொல்லியிருப்பாள், அந்த நர்சுக்கு எங்கள் வீடு தெரியுமா என்ன. இந்த வாரம் காரணம் என்னவாக இருந்திருக்கும்? அப்பாவின் பிடரியில் மச்சம் கிடையாது, இரண்டு மடிப்பு இருக்கும், அதில் பட்டறைக் கரி ஏறியிருக்கும். ஆனால் முக்கால் மணி நேரம் பார்த்தால் எந்தப் பிடரியும் அந்தப் பிடரிதான்.

பக்கத்தில் தாரிணி அவன் முழங்கையைத் தொட்டாள். "என்னாச்சு? கைய ஏன் அடியில வச்சிருக்க?" என்று கேட்டாள். "மரத்துப்போச்சு" என்றான். அவள் நம்பினாளோ இல்லையோ, ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கரூர்ப் பெண், சும்மா பார்க்க மாட்டாள், பார்த்தால் எதையோ எடை போடுகிறாள் என்று அர்த்தம். எட்டு மாதமாக அவளும் அவனும் சேர்ந்து இருக்கிறார்கள், டிசம்பரில் ஊருக்குப் போய் இரண்டு வீட்டிலும் சொல்வதாக ஏற்பாடு. எல்பே ஆற்றங்கரையில் ஒரு நாள் சாயங்காலம் அப்பாவை அடித்ததை அவளிடம் சொன்னான். கடைசி வரை கேட்டாள். பிறகு தன் அக்கா கதையைச் சொன்னாள். அக்காவுக்கு இடது காது கேட்காது, கல்யாணமாகி ஆறாவது மாதம் செவிப்பறை கிழிந்தது, அக்கா புருஷனிடம் கேட்டால் வரிசையாகக் காரணம் வைத்திருப்பார், ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருக்கும், கேட்கிறவன் தலையாட்டுவான், தாரிணியின் அப்பாவே தலையாட்டினார். "எனக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "கோவப்படு, கத்து, சாமானப் போட்டு உட. கை மட்டும் நீட்டாத. என்மேலன்னு இல்ல, யார்மேலயும். கைய நீட்டிட்டு காரணம் சொன்னேன்னு வையி, அன்னிக்கே நான் எந்திரிச்சுப் போயிருவேன். எத்தன வருஷமானாலும் சரி, எத்தன புள்ள பெத்திருந்தாலும் சரி." மாரி அன்றைக்கு அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான், பிடித்த கை நடுங்கியதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அவளை இழந்தால் தனக்கு இந்த உலகத்தில் எஞ்சுவது அந்தக் கை ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிவிடலாமா இப்போதே? தாரிணி, எங்க வீட்டுல படியே இல்ல. ஒரே வாக்கியம், அவளுக்குப் புரிந்துவிடும். ஆனால் வாயைத் திறந்தால் வாக்கியம் வராது, வேறு ஏதோ வரும், குரைப்பு மாதிரி. வாயையும் மூடிக்கொண்டான்.

ஒரு மேட்டைத் தாண்டினதும் எல்லா வண்டிக்கும் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, பிரணவ் பிரேக்கை அழுத்த அழுத்த நூற்றறுபத்தைந்து நூறாகி, முப்பதாகி, நின்றேவிட்டது. "போச்சுடா, ஆறு மணி போச்சு" என்றான் ரஃபீக். முன்னால் எங்கோ விபத்து என்று போனைப் பார்த்துச் சொன்னான். இந்த ஊரில் நெரிசல் என்றால் ஒரு வழக்கம் உண்டு, யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடது வரிசைக்காரன் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொள்வான், மற்றவர்கள் வலது பக்கம் ஒதுங்குவார்கள், நடுவில் நேராக ஒரு சந்து திறந்து கிடக்கும். அதில் ஆம்புலன்ஸ் போகலாம், தீயணைப்பு வண்டி போகலாம், போலீஸ் போகலாம், வேறு யார் சக்கரமும் படக்கூடாது, பட்டால் அது பெரிய குற்றம். ஓட்டுநர் தேர்வில் இதற்கென்று கேள்வியே உண்டு, பிரணவும் சரியாகப் பதில் எழுதிப் பாஸானவன்தான். அவனும் இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினான். நின்றதும் தட்டுவது கூடிப்போனது, டக் டக் டக் டக். ஓட்டம் இருந்தவரை காற்றிரைச்சல் இருந்தது, டயர்ச் சத்தம் இருந்தது, அதெல்லாம் நின்றதும் வண்டிக்குள் அந்த விரல் மட்டும்தான் இருந்தது, வெயில் மாரியின் பக்கக் கண்ணாடி வழியாக வந்து முழங்காலைச் சுட்டது, எலுமிச்சைச் சாதம் லேசாகப் புளித்து மணத்தது. நாலு மணி. ஊரில் ஏழரை ஆகியிருக்கும், அம்மா விளக்கேற்றியிருப்பாள், வீங்கின வாயோடு. அப்போது பின்னாலிருந்து சைரன் வந்தது, ஆம்புலன்ஸ் ஒன்று அந்தச் சந்து வழியாக நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று, போன காற்றில் கார் ஒருதரம் குலுங்கியது.

அடுத்து நடந்ததை நம்மூர்க்காரன் தவிர எவனும் செய்திருக்க மாட்டான். பிரணவ் ஒரு நொடி யோசித்தான், ஒரே நொடிதான், சட்டென்று ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து ஆம்புலன்ஸ் பின்னாலேயே சந்துக்குள் விட்டுவிட்டான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கில் காலேஜ் போன காலமெல்லாம் ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துத்தானே போனான், சென்னையில் பாதி ஊர் அப்படித்தானே போகிறது, ரத்தத்தில் ஊறினது தேர்வு எழுதினால் போய்விடுமா. "டேய் டேய் டேய்" என்று ரஃபீக் அலறினான். "மச்சி, பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனா பத்து நிமிஷத்துல வெளிய வந்துரலாம், நம்ம ஊரு டெக்னிக்" என்று பிரணவ் சிரித்தான். "பிரணவ், இது விளையாட்டில்ல, ஓரமாப் போ!" என்று தாரிணி கத்தினாள். இரண்டு பக்கமும் ஹாரன் கிளம்பியது. ஒருத்தன் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டி வைதான், வெயிலில் சிவந்த தோளோடு ஒரு தடியன் இறங்கி வந்து டிக்கியில் ஓங்கி ஒரு குத்து விட்டான், அந்தச் சத்தம் மாரியின் முதுகுத் தண்டில் ஏறியது. அரைக் கிலோமீட்டர் போயிருப்பார்கள். ஆம்புலன்ஸ் வளைவில் மறைந்தது, அதன் சைரன் தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. நின்றது மாரிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சைரன் கிடையாது அப்போது, எந்தப் பக்கமிருந்தும் கிடையாது. பிரணவ் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான், அவனுக்கும் உள்ளுக்குள் உதறல்தான், உதறலை மறைக்கத்தான் அவன் எப்போதும் கேலி பேசுவான், கண்ணாடியில் பின்னால் மாரியைப் பார்த்தான். மாரி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். "என்ன மாரியம்மா, பயமா?" என்றான். "பாத்துய்யா, படியில வழுக்கி விழுந்துராத!" என்றான், அம்மாவின் குரலில், அம்மாவின் இழுப்பில், வீங்கின வாயின் அந்தக் கொழகொழப்பைக்கூட விடாமல்.

கை எப்போது தொடைக்கு அடியிலிருந்து வந்தது என்று மாரிக்குத் தெரியாது. மனசில் கோபம்கூட இல்லை, முகத்தில் ஒன்றுமே இல்லை, அதுவும் தெரியும். ரைஸ் குக்கருக்கு மேலாக உடம்பு எழும்பி முன்சீட்டு இடைவெளியில் கை போயிற்று, பிரணவின் வலது காதோடு கன்னத்தோடு சேர்த்து முஷ்டி விழுந்தது, பட்டறையில் இரும்பை இறக்கின மாதிரி ஒரு சத்தம். பிரணவின் முகம் ஸ்டியரிங்கில் போய் மோதித் திரும்பியது. கிளட்சிலிருந்து அவன் கால் நழுவி வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. மாரி இரண்டாவது அடிக்குக் கையை எடுத்தான். எடுத்தான் என்பதுதான் நிஜம், அந்த இனிப்பு உள்ளங்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது, அஞ்சு வருஷமாக வழி தெரியாமல் காத்திருந்த மாதிரி ஒரே பாய்ச்சலாக வந்தது. அப்போதுதான், அந்தக் கை அந்தரத்தில் நின்றபோதுதான், பின்னால் வெகு தூரத்திலிருந்து இன்னொரு சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை, கனமானது, லாரி ஹாரன் கலந்தது. "தீயணைப்பு வண்டி! நாம நடுவுல நிக்கிறோம்!" என்று ரஃபீக் கத்தினான். பின்கண்ணாடி பூராவும் சிவப்பு வந்து நிறைந்தது. பிரணவ் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுகச் சாவியைத் திருகினான், வலது வரிசையில் படுக்கை, அடுப்பெல்லாம் வைத்த வீட்டு வண்டியில் வந்த கிழவர் ஒருவர் அதை ஒரு ஆள் நீளத்துக்கு முன்னால் நகர்த்தி இடம் விட்டார், அந்த இடத்தில் மூக்கை நுழைத்து எப்படியோ ஒதுங்கினார்கள். தீயணைப்பு வண்டி பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. அவர்களால் அது நின்றது மொத்தம் அஞ்சு நொடிகூட இருக்காது.

பிறகு போலீஸ்காரி ஒருத்தி மோட்டார் சைக்கிளில் வந்து எண்ணைக் குறித்தாள், உரிமத்தை வாங்கிப் பார்த்தாள், பிரணவைப் பொரிந்து தள்ளினாள். கடைசியில், இங்கேயே நின்றீர்களே, பிழைத்தீர்கள், வளைவு தாண்டிப் போயிருந்தால் இரண்டு பக்கமும் லாரி, ஒதுங்க ஒரு சாண் இடம் கிடையாது, கார்க் கூரையை வெட்டுகிற கருவி அந்த வண்டியில்தான் வந்தது என்றாள். மூக்கில் என்ன ரத்தம் என்று கேட்டாள். பிரேக் போட்டதில் இடித்துக்கொண்டேன் என்றான் பிரணவ். ஐயோ, இவனும்! படி என்று சொல்லாத குறை. ஒன்றரை மணி நேரம் கழித்து வழி விட்டார்கள், விபத்து நடந்த இடத்தை நத்தையாகக் கடந்தார்கள், கார் ஒன்று தலைகீழாகக் கிடந்தது, கூரையை உரித்துத் தனியாக வைத்திருந்தார்கள், தார்மேல் ஒரு பெண்ணின் செருப்பும் உடைந்த கண்ணாடியும் கிடந்தன. "அந்தம்மாவ உயிரோட எடுத்துட்டாங்களாம்" என்று ரஃபீக் போனில் செய்தி பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி மாரியின் முழங்காலைப் பிடித்தான். "மச்சி, நீ மட்டும் அன்னேரம் அடிச்சு நிறுத்தலேன்னு வையி, அந்தப் பொம்பள செத்திருக்கும்டா. உனக்கு எப்படிடா சைரன் முன்னாடியே கேட்டுச்சு!" பிரணவ் மூக்கில் டிஷ்யூ அடைத்துக்கொண்டு, "நான் லூசுடா. நீ அடிச்சது சரி. காதுதான் குய்ங்குனு இருக்கு, பரவால்ல" என்றான். "மன்னிச்சிருடா" என்று மாரி சொன்னான், அதற்கும் "விடு மச்சி, உயிரைக் காப்பாத்தியிருக்க" என்றான். அடி விழுந்து ரெண்டு மணி நேரம் ஆகவில்லை, காரணம் வந்து சேர்ந்துவிட்டது. முகம் கழுவி, துண்டால் துடைத்து, எவ்வளவு நல்ல காரணம், எவ்வளவு பெரிய காரணம், சீனி டப்பா எறும்பெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்! தேடவே வேண்டாம், அவர்களே கொண்டுவந்து மடியில் வைக்கிறார்கள். ஆமாம்டா, கேட்டுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் அவன் கை ஒரு உயிரைக் காப்பாற்றின கை. மாரிக்கு வாந்தி வந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னான்.

சாலையோரத்தில் கழிப்பறையும் இரண்டு மர மேசையும் இருந்த இடம். குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தபோது தாரிணி ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தாள். பிரணவும் ரஃபீக்கும் தூரத்தில் காரைச் சுற்றிச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாரி, ஒண்ணு கேக்கிறேன்" என்றாள். "நீ அடிச்சப்ப சைரன் கேட்டுச்சா?"

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் காது இருக்கிறது. கேட்டுச்சு என்று சொல்லிவிடு, எனக்குக் கேக்கலேன்னாலும் உனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லிவிடு என்று அவள் கண் அவனைக் கெஞ்சியது, எடை போடவே இல்லை, வெறுமனே கெஞ்சியது. சைரன் என்கிற காரணம் ஒன்று கையில் இருந்தது. அது போதாதென்றால் இன்னொன்றும் இருந்தது, எங்க வீட்டுல படியே இல்ல தாரிணி என்கிற அந்த வாக்கியம், இப்போது நன்றாக, முழுசாக வாய்க்கு வந்தது, குரைப்பாக இல்லை. சொன்னால் அழுதுவிடுவாள், அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்வாள். பிரணவ் வந்து காலில் விழுவான். எவ்வளவு நியாயமான காரணம், யாரானாலும் தலையாட்டுவார்கள். அவள் அப்பாகூடத் தலையாட்டுவார்.

"கேக்கல" என்றான் மாரி.

அவள் விடவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல. அடிச்சேன். ரெண்டாவதுக்கும் கை ஓங்கினேன். அவ்வளவுதான்."

தாரிணி தலையை ஆட்டினாள். எழுந்து போய் ரஃபீக்கிடம் என்னவோ சொன்னாள், ரஃபீக் புரியாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்சீட்டுக்கு வந்தான், அவள் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாக்டபுர்க் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் கூப்பிடவும் இல்லை. முன்னால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அதே நாலு விரல் தோல், அதே மச்சம், வலது ஓரத்தில் காதிலிருந்து கழுத்து வரை சிவப்பாகத் தடித்திருந்தது. யாரும் ஸ்டியரிங்கில் தட்டவில்லை. லைப்சிக் நகரத்தைத் தாண்டினபோது மாரி போனை வண்டியிலிருந்து துண்டித்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினான். எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள். நம்ம வீட்டுல ஏதும்மா படி?

படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு விழுந்தது. பிறகு குரல் வந்தது, ஏழு நொடி. மாரி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வாயைப் பற்றி இல்லை, வீங்கின உதட்டோடு மெதுவாக, அவசரப்படாமல் அம்மா கேட்டாள்.

"யாரய்யா அடிச்ச?"